கப்பல் நிற்கும் ஒரு பகல்

"அங்கே போய் நாள் முழுவதும் என்ன செய்வது?" பிரயாணத்துக்குப் புறப்படும் குடும்பங்களில் இக்கேள்வி எழாத வீடு இராது. பெரிய கோபுரமோ, புகழ்பெற்ற கடற்கரையோ, கடைவீதியோ இல்லாத ஓர் அமைதியான ஊரின் பெயரைச் சொன்னால் போதும். வீட்டிலுள்ள பிள்ளைகள் முகத்தைச் சுளித்து விடுவார்கள். சென்ற தை மாதத்தில் இந்தக் கேள்வியை என் சொந்த ஊரைக் குறித்தே ஒருவர் கேட்டார். அதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு இயலவில்லை. அன்று சொல்ல முடியாத பதிலை இன்று வாசகர்கள் முன் வைக்கிறேன்.

கேட்டவர் என் அத்தை மகன். கொச்சியில் வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறார். மனைவி, பதினெட்டு வயது மகள், பத்து வயது மகன் ஆகியோருடன் உல்லாசக் கப்பல் ஒன்றில் வந்துகொண்டிருந்தார். அந்தக் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் காலை ஆறு மணிக்குக் கட்டப்படும்; இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டு விடும். மாலை ஆறு மணிக்குள் பிரயாணிகள் திரும்பிவிட வேண்டும் என்பது கப்பலின் விதி. "மச்சான், கையில ஒரு பகல்தான் இருக்கு. நம்ம ஊருக்கு வந்தா பிள்ளைகளுக்குப் பொழுது போகுமா?" என்று தொலைபேசியில் கேட்டார்.

நம்ம ஊர்! நான்கு வயதில் அதை விட்டுப் போனவர் அவர்.

கடலையே காணாத சப்ரகமுவ மாகாணத்துக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். தொடர்பு பழையதுதான். சூயஸ் கால்வாய் வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் தூரகிழக்குக்கும் போன பிரயாணிக் கப்பல்கள் கொழும்பில் தங்கிச் சென்ற காலத்தில், கரையிறங்கிய வெள்ளைக்காரப் பிரயாணிகள் ஒரே பகலில் கண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்ப விரைவார்கள். அந்தப் பாதை கேகாலை வழியாகவே செல்லுகிறது. ஆகாய விமானம் வந்ததும் அக்கப்பல்கள் மறைந்தன. இப்பொழுது பிரயாணம் செய்வதையே பொழுதுபோக்காகக் கொண்ட உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. கரையிறங்கும் கூட்டத்தில் ஒரு பகுதி இன்றும் கேகாலைப் பக்கமாகவே திரும்புகிறது. காரணம், யானைகள்.

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்ரகமுவ. ஒரு பகலில் இங்கே என்ன காணலாம் என்பதை முதலில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில், றம்புக்கனைக்கு அண்மையில் பின்னவலை இருக்கிறது. தாயை இழந்த யானைக்கன்றுகளுக்காக 1975-ஆம் ஆண்டு வனசீவராசிகள் திணைக்களம் இங்கே ஓர் இல்லத்தைத் தொடங்கியது. 1984-இல் முதற்கன்று இங்கேயே பிறந்தது. 2021 ஆகஸ்டில் இரட்டைக் கன்றுகள் பிறந்தன. காலையிலும் பிற்பகலிலும் யானைக்கூட்டம் வீதியைக் கடந்து மகா ஓயாவுக்கு நீராடச் செல்லும் காட்சியைக் குழந்தைகள் ஆயுள் முழுவதும் மறக்கமாட்டார்கள். சில யானைகளின் காலில் சங்கிலியையும் காணலாம். அதையும் குழந்தைகள் மறக்கமாட்டார்கள். அது பற்றிக் கேட்டால் பதில் சொல்லப் பெற்றோர் ஆயத்தமாயிருப்பது நல்லது.

கொழும்பிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தூரத்தில், களு கங்கைக் கரையில் இரத்தினபுரி. பெயரே அதன் தொழிலைச் சொல்லும். வயல்களிலே கிணறு போலக் குழி வெட்டி, பக்கங்கள் சரியாதபடி மரச்சட்டம் இறக்கி, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே, மாணிக்கம் தங்கியிருக்கும் சரளைப் படையைத் தேடி இறங்குகிறார்கள். மேலே கொணர்ந்த சரளையைக் கூடையிலிட்டு நீரில் சுழற்றிக் கழுவும்போது அங்கே நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இந்த மாவட்டத்தின் பெல்மதுளையில் 1926-இல் கிடைத்த நீலக்கல் ஒன்று உலகப் புகழ் பெற்றது. ஆனால் நூற்றுக்கணக்கான கூடைகளில் ஒன்றும் இல்லாமற் போவதே அன்றாட வழக்கம். பௌர்ணமி விடுமுறை நாளில் போனால் குழிகளில் வேலை நடவாது. தெருவோரத்தில் கல் வாங்க ஆசைப்படுவோர் பணப்பையை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போவது புத்தி.

களனி கங்கைக் கரையிலுள்ள கித்துள்கலையில்தான் குவாய் நதிப் பாலம் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படம் எடுக்கப்பட்டது. 1957-இல் அது வெளிவந்தது. பாலம் இன்று இல்லை, நதி இருக்கிறது. அதன் சுழிப்பில் இரப்பர்ப் படகு விடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். சிவனொளிபாதமலைக்கு இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து ஏறும் பாதையும், சிங்கராஜ வனமும் ஒரு பகலுக்குள் அடங்குபவை அல்ல. கப்பலில் வருவோர் அவற்றை மறந்துவிடலாம்.

ஆகவே கணக்கு எளிது. ஒரு பகலில் ஒன்றைத்தான் பார்க்கலாம். இரண்டுக்கு ஆசைப்பட்டால் பாதையை மட்டுமே பார்க்கலாம். இதைத் தொலைபேசியில் சொன்னேன். "யானை பார்க்கப் போறதுன்னா நானும் பின்னவலைக்கு வந்துடுறேன். தோட்டத்துக்கு வர்றதுன்னா யானை இல்லை. அங்க இறப்பர் மரமும் லயமும்தான்" என்றேன். மறுமுனையில் சிறிது மௌனம். பிறகு, "தோட்டத்துக்கே வர்றோம் மச்சான்" என்றார். அது அவர் முடிவு. அவருடைய மகனின் முடிவன்று என்பது பின்னர்தான் தெரிந்தது.

காலை பத்து மணிக்கு அவிசாவளை, எட்டியாந்தோட்டை வழியாக வாடகை வண்டி வந்து சேர்ந்தது. பையன் இறங்கியதும் சுற்றுமுற்றும் பார்த்தான். சரிவு முழுவதும் வரிசை வரிசையாக மரங்கள். தை மாதமாகையால் இலைகள் செம்பழுப்பாகி உதிரத் தொடங்கியிருந்தன. ஒரு சேவல் கூவிற்று. அதைத் தவிர வேறு சத்தமில்லை.

"மாமா, யானை எங்கே?" என்றான்.

"யானை இல்லையே ராசா."

"அப்போ இங்கே என்னதான் இருக்கு?"

நான் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பாடசாலையில் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவன். அந்தப் பையன் முன்னே விழித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் பால் சேர்க்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். இறப்பர்த் தோட்டத்தின் நாள் இருளிலேயே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறுமுன் மரத்தில் பால் அழுத்தமாக இருக்கும். ஏறிய பின் ஓட்டம் குன்றும். ஆகவே விடியுமுன்னே கத்தியும் வாளியுமாக மலைக்குப் போய்விட வேண்டும். ஒருவர் பங்குக்கு ஏறத்தாழ முந்நூறு மரங்கள். பழைய வெட்டின் விளிம்பில் காகிதக் கனத்துக்குச் சற்றே கூடுதலாகப் பட்டையைச் சீவ வேண்டும். சீவல் ஆழம் குறைந்தால் பால் வராது; மிகுந்தால் உள்மரம் காயப்பட்டு முண்டுமுண்டாகிவிடும், பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. சாய்வான வெட்டு வழியே பால் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சிரட்டையில் நிறையும். மழை பெய்தால் அன்றைய பால் நீரோடு போயிற்று. சம்பளமும் அதனோடு போகக்கூடும். ஆண்டில் மழை அதிகம் பொழியும் மாகாணங்களில் ஒன்றிலே, மழைக்கு அஞ்சும் தொழில் இது!

நாங்கள் போனபோது பெண்கள் வாளிகளுடன் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பால் அளக்கப்பட்டது, பெயருக்கு நேரே எழுதப்பட்டது. பின்னர் அதை வடித்து, நீர் கலந்து, அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளைகளில் அழுத்தித் தகடாக்கிப் புகைக்கூடத்தில் தொங்கவிடுகிறார்கள். இந்தத் தகடுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1952-இல் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இலங்கையின் இறப்பர் சீனாவுக்குப் போக, சீனத்து அரிசி இலங்கைக்கு வந்தது. விடியற்காலை இருளில் எங்கள் பெண்கள் சீவிய பட்டை, யார் யார் வீட்டு அடுப்பிலோ சோறாக வெந்தது. கல்லூரி மாணவியான அத்தை மகனின் பெண் இதைக் கேட்டுத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். பையன் கொட்டாவி விட்டான்.

அவனைக் காப்பாற்றியது லயத்துப் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் தன் காற்சட்டைப் பையிலிருந்து கரிய பந்து ஒன்றை எடுத்துத் தரையில் அடித்தான். பந்து கூரைக்கு மேலே எழும்பிற்று. வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நூல் போல உரித்துச் சுற்றிச் சுற்றிச் செய்த பந்து அது. இறப்பர்த் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அதைச் செய்யத் தெரியும். எங்கள் காலத்தில் நாங்களும் செய்தோம். பையனின் கண்கள் அகன்றன. அடுத்த இரண்டு மணி நேரம் அவனை நாங்கள் காணவில்லை. பிரட்டுக் களத்திலிருந்து கிரிக்கெட் ஆரவாரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பெண்ணோ வேறொன்றைத் தேடி வந்திருந்தாள். "பாட்டி பால் வெட்டின மரத்தைக் காட்டுறீங்களா, மாமா?" என்றாள்.

அந்த மரம் இல்லை. இறப்பர் மரம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பால் தரும். பிறகு வெட்டி வீழ்த்தி மறுபடி நடுவார்கள். என் அத்தை கத்தி வைத்த மரங்களில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. அவற்றின் இடத்தில் நட்டவையும் முதுமை அடைந்துவிட்டன. அவள் வாழ்ந்த லயக்காம்பரா இருக்கிறது, தகரம் மாற்றப்பட்டிருக்கிறது, வேறொரு குடும்பம் குடியிருக்கிறது. அவர்கள் கதவைத் திறந்து வைத்து உள்ளே வரச் சொன்னார்கள். பெண் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். பிறர் வீட்டைக் காட்சிப்பொருளாகப் பார்ப்பதில் அவளுக்குக் கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சத்தை நான் மெச்சினேன். லயத்துக்குப் பிரயாணம் போகிறவர்கள் யாவரும் அதைக் கூடவே கொண்டுபோக வேண்டும்.

அத்தை ஏன் போனாள் என்பதை இளைய வாசகர்களுக்காகச் சுருங்கச் சொல்லுகிறேன். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்றும் முடிவாயிற்று. அம்மக்களைக் கேட்டுச் செய்த முடிவன்று. ஒரே லயத்தில் ஒரு சுவருக்கு இப்பால் இருந்த என் தந்தை இலங்கைக்கு மனுப் போட்டார். அப்பால் இருந்த அத்தையின் கணவர் இந்தியாவுக்கு மனுப் போட்டார். இருவரும் தத்தம் பிள்ளைகளின் நன்மையை நினைத்தே கையெழுத்திட்டார்கள்.

1977-இல் அத்தை குடும்பம் புறப்பட்டது. அப்பொழுது எனக்குப் பன்னிரண்டு வயது. பொல்காவலை நிலையத்தில் தலைமன்னாருக்குப் போகும் இரயிலேற்றினோம். அப்படிப் போன இரயில்களை மலையகத்தார் "ஒப்பாரிக் கோச்சி" என்று அழைத்தார்கள். விளக்கம் வேண்டிய பெயரன்று. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். அங்கிருந்து மண்டபம் முகாம். இறப்பர் வேலை தெரிந்தவர்களுக்காகக் கேரளத்தில் புனலூருக்கு அருகே குளத்துப்புழைப் பகுதியில் மறுவாழ்வுத் தோட்டங்கள் அமைக்கப்பட்டிருந்தன. அங்கே அத்தை மறுபடி கத்தியைக் கையில் எடுத்தாள். அவள் சீவிய பட்டையிலேதான் இந்த வங்கி உத்தியோகத்தர் படித்தார். அவளை ஏற்றிச் சென்ற கப்பல் பாதை 1984-இல் நின்றுபோயிற்று. அவள் மகனும் பேரப்பிள்ளைகளும் நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு மேலான பின்பு வேறொரு கப்பலில், நீச்சற்குளமும் நாடக மேடையும் உள்ள கப்பலில், திரும்பி வந்தார்கள். அதுவும் ஒரு பகலுக்கு!

இங்கே தங்கியவர்களின் கதையும் எளிதன்று. 1946-இலேயே இம்மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்து மக்களை வெளியேற்றும் முயற்சி நடந்தபோது, அதனை எதிர்த்து ஏனைய தோட்டங்களிலும் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. வாழ்ந்த மண்ணில் நிற்கும் உரிமைக்காக எழுந்த குரல் அது. நாடற்ற நிலைக்கு 2003-ஆம் ஆண்டின் சட்டமே முடிவு கட்டிற்று. 2016 மே மாதத்துப் பெருமழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கையிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது. லயங்களில் வாழ்ந்தோரும் மாண்டார்கள். நுவரெலியாவைப் போல இங்கே தமிழர் திரளாக இல்லை. சிங்களக் கிராமங்களின் நடுவே ஆங்காங்கே சிதறிய தோட்டங்கள். தீவுக்குள் சிறு தீவுகள். பாடசாலைக்கும், ஒரு தமிழ்ப் பத்திரிகை வாங்குவதற்கும், நெடுந்தூரம் நடக்க வேண்டிய லயங்கள் உண்டு.

"அப்போ பாட்டிக்குக் காட்ட ஒண்ணுமே இல்லையா?" என்று பெண் மறுபடியும் கேட்டாள்.

அப்பொழுதுதான் எனக்குப் பீலி ஞாபகம் வந்தது. லயத்துக்குப் பின்னால், பாறையிடுக்கிலிருந்து வரும் ஊற்று நீரைக் குழாய் வழியே விழச் செய்த இடம் அது. பீலிக்கரை என்போம். குளிப்பதும், துவைப்பதும், குடம் நிரப்புவதும், ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான். மரங்கள் மாறின, கூரைகள் மாறின, பீலியின் குழாயும் மாறியிருக்கிறது. ஊற்று மட்டும் மாறவில்லை. பெண் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். இரு கைகளையும் குவித்து ஏந்தி ஒரு வாய் குடித்தாள். பிறகு தன் கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றாள். நீர் விழும் ஓசையைப் பதிவு செய்கிறாள் என்று எனக்குப் பின்னரே புரிந்தது. அவள் தந்தை சற்றுத் தள்ளி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரருகே போகவில்லை.

பகல் உணவு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். பிற்பகல் இரண்டரை மணிக்கு வண்டி புறப்பட்டது. பிள்ளையை ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காற்சட்டைப் பை புடைத்திருந்தது, பந்து கைமாறியிருந்தது. "மாமா, இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம்" என்று குறைப்பட்டான். காலையில் யானையைக் கேட்ட அதே வாய்!

இனி வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழி முதல் பங்குனி வரையான மாதங்களே இப்பக்கத்துக்கு ஏற்றவை. வைகாசிக்கு மேல் தென்மேற்குப் பருவமழை கடுமையாக இருக்கும், பாதைகளும் சரியும். எம்மாதத்திலும் குடை அவசியம். ஈரமான நாட்களில் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் அவசியம். தோட்டத்துக்குள் போக நிர்வாகத்தின் அனுமதியும், லயத்துக்குள் போக அங்கே வாழ்வோரின் அனுமதியும் வேண்டும். இரண்டாவதையே பலர் மறந்துவிடுகிறார்கள். மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டையைத் தொட்டுக் கவிழ்த்துவிடாதீர்கள். அது ஒருவருடைய நாட்கூலி. உறவினரோ நண்பரோ இல்லாத தோட்டத்தில் சும்மா வேடிக்கை பார்க்கப் போவதைவிட, பின்னவலைக்குப் போய் யானையைக் கண்டு மகிழ்வதே மேல் என்பேன். ஓர் ஊர் எல்லோருக்கும் எல்லாவற்றையும் தரக் கடமைப்பட்டதன்று.

"பொழுது போகுமா?" என்ற கேள்விக்கு இதுவே என் பதில். அங்கே பொழுதைப் போக்குவதற்காக எவரும் எதையும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை. அங்குள்ளவர்களுக்குப் பொழுது போதவில்லை. விடியுமுன் தொடங்கி விளக்கேற்றும் வரை வேலை இருக்கிறது. அந்த வேலையைப் பார்க்கவும், அதைச் செய்பவர்களோடு இரண்டு வார்த்தை பேசவும் விருப்பமுள்ளவருக்கு ஒரு பகல் போதாது. விருப்பமில்லாதவருக்கு ஒரு மணி நேரமே அதிகம்.

நான்கு நாட்களுக்குப் பின் கொச்சியிலிருந்து பெண் பேசினாள். கப்பலிலிருந்து இறங்கியதும் நேரே குளத்துப்புழைக்குப் போயிருக்கிறாள். எண்பது வயதைக் கடந்த என் அத்தைக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. படங்கள் ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. நீரோசையைக் காதருகே வைத்ததும், முழுவதும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "தண்ணி கொறஞ்ச மாதிரி இருக்கே, தை மாசமா?"

ஆம், தை மாதம்தான்.